வேனிற் பருகுநீர்

பாலாறு கருநாடகத்தின் நந்திமலைப் பகுதியில் தோன்றி, ஆந்திரத்தின் வழியாகத் தமிழகத்துட் புகுந்து, கிழக்கு நோக்கி ஓடிக் கடலிற் கலக்கும் ஆறாகும். அதன் கரையை ஒட்டி வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், இராணிப்பேட்டை என்னும் ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்துள்ளன. 2019 ஆம் ஆண்டு வரை இவை யாவும் வேலூர் மாவட்டத்துள் அடங்கியிருந்தன. அவ்வாண்டில் அம்மாவட்டம் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிக்கப்பட்டது. தோல் பதனிடுந் தொழிலாலும் காலணி செய்யுந் தொழிலாலும் கடல் கடந்த நாடுகளிலும் பெயர் பெற்றவை இவ்வூர்கள்.

இந்நிலம் வெயிலுக்கும் பெயர் பெற்றது. ஊரைச் சூழ்ந்து நிற்கும் பாறைக் குன்றுகள் பகலெல்லாம் வெப்பத்தை வாங்கி, இரவெல்லாம் அதனை மெல்ல வெளியிடும். கடற்காற்று எளிதில் எட்டாத உள்நாடாதலின், சித்திரை வைகாசித் திங்கள்களில் வெப்பம் 40 பாகை செல்சியசைக் கடந்து செல்வது இங்குப் புதுமையன்று. கத்திரி வெயில் எரிக்கும் அந்நாள்களிலும் தொழில் நிற்பதில்லை. பச்சைத்தோலைத் தொட்டியில் ஊறவைப்போரும், சுண்ணாம்பிட்டு மயிர் களைவோரும், சுழலும் பெரிய பீப்பாய்களில் தோலைப் பதனிடுவோரும், காலணித் தொழிற்சாலைகளில் நாள் முழுதும் அமர்ந்து தைக்கும் மகளிரும் வியர்வை சிந்தியே பொருள் ஈட்டுகின்றனர். சிந்திய வியர்வைக்கு ஈடாக அவர்தம் உடலுக்கு எதனைத் தருதல் வேண்டும்? எவ்வளவு தருதல் வேண்டும்? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

மண்பானையில் ஊற்றிய நீர் எவ்வாறு குளிர்கின்றது? பானையின் நுண்துளைகள் வழியே சிறிதளவு நீர் வெளியே கசிந்து ஆவியாகிறது. அவ்வாறு ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தையும் உடன்கொண்டு செல்கிறது. மனித உடலும் ஒரு மண்பானை போன்றதே. உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ 37 பாகை என்னும் அளவில் நிற்றல் வேண்டும். வெளியே வெப்பம் மிகும்போதும், உழைப்பால் உள்ளே வெப்பம் பெருகும்போதும், தோலின் துளைகள் வழியே வியர்வை வெளிப்பட்டு ஆவியாகி உடலைக் குளிர்விக்கிறது. கடுவெயிலில் கடினமாக உழைப்பவன் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வியர்வை சிந்துதலும் கூடும்.

வியர்வை வெறும் நீரன்று. நாவிற் பட்டால் கரிப்பதிலிருந்தே அதில் உப்பு உண்டென்பது விளங்கும். ஆகவே வியர்ப்பவன் நீரை மட்டும் அன்றி உப்பையும் இழக்கிறான். வீட்டினுள் இருப்போர்க்கு அன்றாட உணவில் உள்ள உப்பே அவ்விழப்பை நிரப்பிவிடும். அவர்க்குத் தூய நீரே போதுமானது. ஆனால் பல மணி நேரம் வெயிலில் நின்று உழைப்பவனுக்கும், வயிற்றுப்போக்கால் நீரிழந்தவனுக்கும் நீர் மட்டும் போதாது. நாவறட்சி, தலைவலி, கிறுகிறுப்பு, கைகால்களிற் பிடிப்பு, சிறுநீர் அளவிற் குறைந்து மஞ்சள் நிறம் மிகுதல் ஆகியன உடல் நீரிழந்துவிட்டமையைக் காட்டும் குறிகளாம்.

இவ்வுண்மையைக் கருவி கொண்டு ஆராயாமலேயே பட்டறிவால் உணர்ந்தவர் நம் முன்னோர். அவர்கள் வேனிற்காலத்திற்கென வகுத்த பருகுநீர்கள் பல. இரவில் எஞ்சிய சோற்றில் நீர் ஊற்றி வைத்து, விடியலில் அந்நீரை உப்பிட்டுப் பருகினர், அதுவே நீராகாரம். தயிரைக் கடைந்து வெண்ணெய் எடுத்து, நீர் மிகச் சேர்த்து, உப்பும் இஞ்சியும் கறிவேப்பிலையும் இட்டுப் பருகினர், அதுவே நீர்மோர். வெல்லத்தைக் கரைத்துச் சுக்கும் ஏலமும் எலுமிச்சைச் சாறும் சேர்த்தனர், அதுவே பானகம். இராமநவமி நாளில் நீர்மோரும் பானகமும் வழங்குவதும், ஆடித் திங்களில் அம்மன் கோயில்களிற் கூழ் வார்ப்பதும் இந்நாட்டு வழக்கங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களில் இசுலாமியப் பெருமக்கள் மிகுதியாக வாழ்கின்றனர். இரமலான் நோன்பின்போது பகல் முழுதும் நீரும் பருகாதிருந்து, மாலையில் நோன்பு திறக்கும் வேளையில் பள்ளிவாசல்தோறும் வழங்கப்பெறும் நோன்புக் கஞ்சியை அவர்கள் உண்பர். அரிசியும் பருப்பும் வெந்தயமும் பூண்டும் உப்பும் சேர்த்து நீர்க்கக் காய்ச்சிய கஞ்சி அது. சமயம் வேறாயினும், வழங்கும் இடம் வேறாயினும், இவற்றுள் அமைந்த பொருள்களை நோக்கின் ஒரு பொதுமை புலப்படும். பெரும்பங்கு நீர், சிறிதளவு உப்பு, அவற்றுடன் வெல்லமோ, அரிசியோ, பாலின் சத்தோ ஒன்று. இவையே அவை அனைத்திற்கும் அடிப்படை.

இப்பொதுமையின் காரணத்தை அறிவியல் மிகப் பிற்காலத்திலேயே கண்டறிந்தது. 1960 ஆம் ஆண்டில் இராபர்ட்டு கிரேன் என்னும் அமெரிக்க அறிஞர், குடலின் உட்சுவரில் உப்பின் கூறாகிய சோடியமும் குளுக்கோசு என்னும் சர்க்கரையும் இணைந்தே உட்செல்கின்றன என்னும் கருத்தினைப் பிராகா நகரிற் கூடிய அறிஞர் அவையில் எடுத்துரைத்தார். இரு நண்பர் கைகோத்து ஒரு வாயிலிற் புகுவது போல, சர்க்கரை உப்பை அழைத்துச் செல்லும். அவ்விரண்டையும் நீர் பின்தொடரும். நோயுற்ற குடலிலும் இவ்வாயில் அடைபடுவதில்லை என்பது பின்னர் நிகழ்ந்த ஆய்வுகளால் தெளிவாயிற்று.

இவ்வறிவின் பயனை உலகம் கண்கூடாகக் கண்டது 1971 ஆம் ஆண்டில் ஆகும். வங்காளதேச விடுதலைப் போரின்போது எண்ணற்ற மக்கள் எல்லை கடந்து மேற்கு வங்காளத்திற்கு வந்தனர். பன்காவ் என்னும் எல்லையூரில் ஏதிலியர் முகாமில் வாந்திபேதி பரவியது. நரம்பின் வழியே ஏற்றும் உப்புநீர் தீர்ந்து போகும் நிலை. அங்குப் பணியாற்றிய மருத்துவர் திலீப் மகலனாபிசு உப்பையும் குளுக்கோசையும் சமையற்சோடாவையும் உரிய அளவிற் கலந்து, தூய நீரிற் கரைத்து, நோயாளரின் உற்றார் கையிலேயே கொடுத்துப் பருகச் செய்தார். முன்னர் நூற்றுக்கு முப்பதின்மர் வரை இறந்த அம்முகாமில், இப்பருகுநீர் பெற்றோருள் இறந்தோர் நூற்றுக்கு நால்வரினும் குறைந்தனர். 2022 ஆம் ஆண்டில் மறைந்த அப்பெருமகனார்க்கு 2023 ஆம் ஆண்டில் இந்திய அரசு பத்ம விபூசண் விருதளித்துப் போற்றியது.

இவ்வாராய்ச்சியில் வேலூருக்கும் ஓர் இடம் உண்டு. 1900 ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய மருத்துவப்பணி, இன்று வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்து நிற்கிறது. அக்கல்லூரியின் மருத்துவர்கள் பிற நாட்டு அறிஞரோடு இணைந்து நிகழ்த்திய ஓர் ஆய்வு 2000 ஆம் ஆண்டில் வெளிவந்தது. வாந்திபேதியுற்ற நாற்பத்தெண்மரை மூன்று பிரிவினராக்கி, ஒரு பிரிவினர்க்கு வழக்கமான உப்புச் சர்க்கரைக் கரைசலையும், மற்றொரு பிரிவினர்க்கு அதனோடு அரிசிமாவையும், மூன்றாம் பிரிவினர்க்கு எளிதிற் செரியாத மாச்சத்தையும் சேர்த்து அவர்கள் வழங்கினர். செரியாத மாச்சத்துப் பெற்றோர்க்கு நீரிழப்புக் குறைந்தது. அம்மாச்சத்து சிறுகுடலைக் கடந்து பெருங்குடலை அடைகிறது. அங்கு வாழும் நுண்ணுயிர்கள் அதனைப் புளிக்கச் செய்கின்றன. அதனால் உண்டாகும் அமிலங்கள் உப்பையும் நீரையும் உடல் ஈர்த்துக்கொள்ளத் துணை செய்கின்றன. சோற்றை வடித்து ஆறவைக்கும்போது அதிலும் இத்தகைய மாச்சத்துச் சிறிது பெருகும். ஆய்வில் வழங்கியது சோளமாவிலிருந்து எடுத்த மாச்சத்தே ஆகும், பழஞ்சோற்று நீரன்று. எனினும், ஏழையின் கலயத்தில் இருந்ததும் அறிஞரின் குடுவையில் இருந்ததும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை என்று அறியும்போது நம் முன்னோரின் பட்டறிவின்பால் மதிப்பு மிகுகின்றது.

பொருளை அறிந்தால் மட்டும் போதாது; அளவையும் அறிதல் வேண்டும். திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரம் உண்ணும் அளவைப் பற்றியே பெரிதும் பேசுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் முதலில் வகுத்த கரைசலில் ஒரு லிட்டர் நீருக்கு 3.5 கிராம் உப்பும் 20 கிராம் குளுக்கோசும் இருந்தன. 2002 ஆம் ஆண்டில் அவ்வளவு உப்பு 2.6 கிராமாகவும், குளுக்கோசு 13.5 கிராமாகவும் குறைக்கப்பட்டது. செறிவு குறைந்த நீரே குடலில் நன்கு ஏறும் என்று கண்டமையே அதற்குக் காரணம். செறிவு மிகுமாயின் நீர் குடலிலிருந்து உடலுக்குச் செல்வதற்கு மாறாக, உடலிலிருந்து குடலுக்கு இழுக்கப்படும். கடைகளில் விற்கும் இனிப்புக் குளிர்பானங்கள் பலவற்றில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 100 கிராம் சர்க்கரை உண்டு. அவை நாவிற்கு இனிமை தரினும் வியர்த்த உடலுக்கு உற்ற துணையாகமாட்டா.

இனி, வீட்டிலேயே வேனிற் பருகுநீர் செய்யும் முறையைக் காண்போம். முதலில் நீரைக் கொதிக்கவைத்து, மூடி, ஆறவிடுதல் வேண்டும். கைகளையும் கலங்களையும் தூய்மை செய்துகொள்ளல் வேண்டும். 200 மில்லிலிட்டர் புளிக்காத தயிரை நன்கு கடைந்து, வெண்ணெய் திரண்டால் அதனை நீக்கி, 800 மில்லிலிட்டர் நீர் சேர்த்தல் வேண்டும். தலைதட்டிய கால் தேக்கரண்டி உப்பு இதற்குப் போதும். சிறிதளவு இஞ்சியும் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் நசுக்கியிட்டு, ஒரு சிட்டிகை பெருங்காயமும் வறுத்த சீரகப்பொடியும் தூவிக் கலக்கினால் நீர்மோர் ஆயிற்று. மண்பானையில் ஊற்றி, ஈரத்துணி சுற்றி, நிழலில் வைத்தால் பனிக்கட்டி இன்றியே குளிரும்.

பானகம் செய்ய விரும்புவோர் ஒரு லிட்டர் நீரில் 50 கிராம் வெல்லத்தைக் கரைத்து, மண்போக வடிகட்டி, ஓர் எலுமிச்சம்பழத்தின் சாறும், சுக்குப்பொடியும், ஏலப்பொடியும், ஒரு சிட்டிகை உப்பும் சேர்ப்பாராக. நீரிழிவு நோயுடையார் பானகத்தை விடுத்து நீர்மோரைக் கொள்வதே தக்கது.

வயிற்றுப்போக்கு நேர்ந்தவிடத்து மருந்தகங்களிலும் அரசு நலவாழ்வு நிலையங்களிலும் கிடைக்கும் உப்புச் சர்க்கரைப் பொட்டலமே சிறந்தது. அது கிடைக்காத வேளையில், ஒரு லிட்டர் தூய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும், தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் இட்டுக் கரைத்துக்கொள்ளலாம். கரைத்தபின் ஒரு துளியை நாவில் இட்டுப் பார்த்தல் வேண்டும். அது கண்ணீரினும் மிகுதியாகக் கரிக்குமாயின் அதனைக் கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்தல் வேண்டும். ஒரு நாள் கடந்த கரைசலைப் பயன்படுத்தலாகாது. ஒரே மூச்சிற் பருகாமல் சிறிது சிறிதாகப் பருகுதல் வேண்டும். பால்குடி மாறாத குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தலாகாது.

இம்முறைகள் யாவற்றினும் முதன்மையானது நீரே. பாலாற்றங்கரையில் வாழ்வோர் ஆழ்ந்து எண்ண வேண்டிய இடமும் இதுவே. பச்சைத்தோல் அழுகாதிருத்தற்பொருட்டு அதில் உப்பைத் தடவி வைப்பது வழக்கம். பதனிடும் முன் அத்தோலை நீரில் ஊறவைக்கும்போது அவ்வுப்பு நீரிற் கரைகின்றது. இத்தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிடுவது உண்மை. ஆயினும், நெடுங்காலம் அக்கழிவுநீர் தூய்மை செய்யப்படாமல் நிலத்திலும் ஓடைகளிலும் ஆற்றிலும் விடப்பட்டதும் உண்மையே. மணலிற் பாய்ந்த நீர் வற்றியது, உப்பு வற்றவில்லை. அது நிலத்தடியில் இறங்கிக் கிணறுகளிற் கலந்தது. தென்னையும் நெல்லும் விளைந்த நிலங்கள் உவராயின.

வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் இக்கொடுமையை இந்திய உச்ச நீதிமன்றத்தின்முன் முறையிட்டது. 1996 ஆம் ஆண்டு ஆகத்து 28 ஆம் நாள் நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. தோல் தொழில் நிகழும் இப்பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் ஓரளவோ முற்றுமோ பயிருக்கு உதவாது போயிற்று என்னும் ஆய்வுச்செய்தி அத்தீர்ப்பில் எடுத்துக் காட்டப்பட்டது. நீரையும் நிலத்தையும் மாசுபடுத்தியவரே அதனால் நேர்ந்த இழப்பை ஈடுசெய்தல் வேண்டும் என்னும் நெறி நாட்டின் சட்டத்தில் ஒரு கூறு என்று நீதிமன்றம் அறுதியிட்டுரைத்தது. அதன்பின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பெருகின. கழிவுநீரினின்று உப்பைப் பிரித்தெடுக்கும் முறைகளும் வந்தன. ஆயினும், இழப்பீடும் ஆற்றின் மீட்சியும் முற்றுப்பெறாமையால், 2025 ஆம் ஆண்டு சனவரித் திங்களில் உச்ச நீதிமன்றம் மீண்டும் ஆணைகள் பிறப்பிக்க நேர்ந்தது. பாலாற்றின் கரையில் வாழ்வோர் பலர், கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் வழியாக நெடுந்தொலைவிலிருந்து வரும் காவிரி நீரைப் பருகுகின்றனர்.

நிலத்தடி நீரைப் பற்றிய இச்செய்தி பருகுநீர் செய்வோர்க்கு எவ்வகையிற் பயன்படும்? இந்தியத் தரநிலையின்படி, குடிநீரில் கரைந்துள்ள உப்புகள் முதலியவற்றின் மொத்த அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருத்தல் நன்று. வேறு நீர் கிடைக்காவிடில் 2000 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம். 2000 மில்லிகிராம் என்பது 2 கிராம் ஆகும். தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பின் எடையோ ஏறத்தாழ 3 கிராம். ஆகவே, உவர்ப்பான கிணற்று நீரை எடுத்து அதில் அரைத் தேக்கரண்டி உப்பையும் இட்டால், கரைந்த பொருள் 5 கிராமை எட்டிவிடும். உயிர் காக்க வேண்டிய நீரே தாகத்தை வளர்க்கும் நீராக மாறிவிடும்.

நீரைக் கொதிக்கவைத்தால் இக்குறை நீங்குமன்றோ எனச் சிலர் எண்ணக்கூடும். அஃது உண்மையன்று. கொதித்தல் நோய்க்கிருமிகளைக் கொல்லும், உப்பைப் போக்காது. நீர் ஆவியாகிக் குறைய, எஞ்சிய நீரில் உப்பின் செறிவு மிகவே செய்யும். ஆகவே, இப்பகுதியிற் பருகுநீர் செய்வோர் குழாய்வழி வரும் குடிநீரையோ, உப்பு நீக்கிய நீரையோ முதலிற் கொள்ளல் வேண்டும். கிணற்று நீரையே நம்பியிருப்போர் அதனை ஆய்வகத்திற் கொடுத்துச் சோதித்தறிதல் வேண்டும். நீர் எவ்வளவு உவர்க்கும் என்றறிந்த பின்னரே உப்பில் கை வைத்தல் வேண்டும்.

மேலும் சில எச்சரிக்கைகள் நினைவில் நிற்கத்தக்கவை. இரத்த அழுத்தமும் சிறுநீரக நோயும் உடையார் உப்புச் சேர்ந்த பருகுநீரை மருத்துவரைக் கேட்டே கொள்ளல் வேண்டும். வெயிலில் உழைத்தவன் உடல் கொதிக்க, பேச்சுக் குழற, அறிவு மயங்கி விழுவானாயின், அவன் வாயில் நீரோ மோரோ ஊற்றலாகாது. அது மூச்சுக்குழலிற் புகுந்து உயிருக்கே இடராகும். அவனை நிழலிற் கிடத்தி, ஆடையைத் தளர்த்தி, உடல் முழுதும் நீர் தெளித்து விசிறி, 108 என்னும் எண்ணில் மருத்துவ ஊர்தியை அழைத்தல் வேண்டும்.

தண்ணீர்ப்பந்தல் அமைத்து வழிப்போவார் தாகம் தீர்த்தல் தமிழர் போற்றிய அறங்களுள் ஒன்று. வேலூரிலும் ஆம்பூரிலும் இன்றும் கோடை வந்தால் தெருமுனைகளில் பந்தல்கள் எழுகின்றன. ஆனால் பந்தலிடுவதோடு அவ்வறம் நிறைவுறுவதில்லை. பந்தலில் வைத்த பானையின் நீர் எங்கிருந்து வந்தது, அது தூயதா, அதில் இட்ட உப்பு அளவினதா என்று நோக்குதலும் அவ்வறத்தின் பகுதியே ஆகும். அளவோடு நிற்கும் உப்பு வாந்திபேதியிற் கிடந்தவனை எழுப்பி அமர்த்தியது. அளவிறந்த உப்பு ஓர் ஆற்றின் கரையையே உவராக்கியது. ஒரு குவளை நீர்மோரில் இடும் உப்பை அளந்து இடக் கற்ற மாணாக்கர், நாளை தொழிலதிபராயினும் பொறியாளராயினும் அரசு அலுவலராயினும், ஆற்றிற் கலக்கும் உப்பையும் அளக்கக் கற்றல் வேண்டும். அவ்வாறு கற்பின், பாலாற்றங்கரையில் பந்தல் இடுவோர் பாலாற்று நீரையே முகந்து வழங்கும் நாள் வருதல் கூடும்.